ஆதிமனிதனுக்கு ஆட்டுத்தோல்

கல்லுக்குக் கொடுத்த மரியாதையில் கால்பங்கைத் தோலுக்கும் கொடுத்திருந்தால் அந்த ஆராய்ச்சி அவ்வளவு கேவலமாகப் போயிருக்காது. கற்கள் பஞ்சில் சுற்றப்பட்டு, எண் எழுதிய சின்னப் பெட்டிகளில், ஏசி போட்ட காரின் பின்னிருக்கையில் வந்தன. தோலைப் பற்றி அவர்கள் கேட்ட முதல் கேள்வி, ரொம்ப நாறுமா என்பதுதான்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு டேனரியில், பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். தோல் தொழில்நுட்பம் படித்தவள். பதனிட்டு முடித்த தோலை இழுத்துக் கிழிப்பது, தேய்ப்பது, ஆயிரக்கணக்கான முறை மடக்குவது, நனைப்பது, எதற்கு எவ்வளவு தாங்கியது என்று எழுதி வைப்பது என் வேலை. எதைச் செய்தாலும் முதலில் பட்டியல் போட்டுவிடுவேன். இது குணமா நோயா என்று அம்மாவுக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. வேலூர் பஸ்ஸில் மறந்துபோன குடை முதல் கல்லூரியில் எனக்குப் பிடிக்காத பேராசிரியர்கள் வரை எல்லாவற்றுக்கும் என்னிடம் பட்டியல் உண்டு.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, சென்னையிலிருந்து தனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் வருகிறார், மூன்று வாரம் நம் இடத்தில் ஏதோ சோதனை செய்வார், நுண்ணோக்கி உன்னிடம்தான் இருக்கிறது, கூட இரு என்றார். முதலாளிக்கு வரலாற்றில் ஆர்வம் உண்டு. அலுவலக வரவேற்பறையில் ஒரு பழைய பீரங்கிக் குண்டை வைத்திருக்கிறார். அது எந்தப் பீரங்கியுடையது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பேராசிரியர் வந்தார். கூடவே ஓர் ஆராய்ச்சி மாணவியும் வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். பாலைவனத்தைக் கடக்கப் போகிறவளைப் போல அகலத் தொப்பி போட்டிருந்தாள். டேனரிக்குள் எல்லா இடத்திலும் கூரை இருக்கிறது. பேராசிரியர் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே, எங்கள் தொழில் எவ்வளவு தொன்மையானது என்று ஐந்து நிமிடம் பேசினார். தொன்மை என்று சொல்லும்போது மட்டும் கைக்குட்டையை எடுத்தார்.

அன்று மதியமே இருவரும் ஏற்றுமதியில் கழிந்த காலணிகளை விற்கும் கடைக்குப் போனார்கள். பேராசிரியர் மலையேறும் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி, அங்கேயே காலில் போட்டுக்கொண்டு வந்தார். "வெளிநாட்டுல இதோட விலை தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். தெரியும். என் அம்மா வேலை செய்யும் கம்பெனியின் பூட்ஸ் அது. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய், நாள் முழுக்க பூட்ஸ்களின் மேல்தோலைத் தைத்துவிட்டு வருபவள். இடது காலின் தையல் கோணலாக ஓடியிருந்ததால்தான் அது கழிவுக்கு வந்தது என்பதைக்கூட என்னால் சொல்ல முடியும். சொல்லவில்லை.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். கிழக்குக் கடலில், பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், எப்போதும் மழையும் புழுக்கமுமாக இருக்கும் ஒரு தீவு. அதில் கடற்கரையை ஒட்டி ஒரு குகை. விவசாயத்துக்கும் பானைக்கும் வெகுகாலம் முன்பு அங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போனவை சிப்பி ஓடுகள், வௌவால் எலும்புகள், எலி எலும்புகள், உடும்பின் தாடை, பிறகு விரல் நீளத்தில் உடைத்த கற்சில்லுகள். சில்லுகளின் ஓரம் மழுங்கி இருந்தது. மழுங்கிய இடத்தில் குறுக்குக் குறுக்காக நுண்ணிய கீறல்கள். இவற்றை வைத்து மூங்கிலும் பிரம்பும் சீவியிருப்பார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இவர் மட்டும், இல்லை, தோல் சுரண்டியிருக்கிறார்கள் என்றார். வெப்பமண்டலத் தீவுகளின் முதல் தோல் தொழிலாளிகள். இந்த வாக்கியத்தை அவர் முன்பே எழுதி முடித்துவிட்டார். அதற்குச் சாட்சி தேடித்தான் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்.

இதைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. அந்த முறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதே வகைக் கல்லைப் புதிதாக உடைத்துச் சில்லு எடுக்க வேண்டும். ஒன்றால் தோலைச் சுரண்ட வேண்டும், ஒன்றால் மூங்கிலைச் சீவ வேண்டும், இன்னொன்றால் மரத்தை. பிறகு நுண்ணோக்கியின் கீழ் ஓரங்களைப் பார்த்து, பழைய கல்லில் உள்ள தடம் எதோடு பொருந்துகிறது என்று முடிவு செய்ய வேண்டும். நான் செருப்புத் தோலுக்குச் செய்வதும் ஏறக்குறைய இதுவேதான். பழைய தடத்தைப் புரிந்துகொள்ளப் புதுத் தடம் உண்டாக்கிப் பார்ப்பது.

முதல் நாள், தீவுக் கல்லின் ஓரத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். பழுத்த நெல்லிக்காயின் தோல்போல ஒரு மினுமினுப்பு. அதன் மேல் குறுக்கே இழுத்த கோடுகள். யாரோ ஒரு கை, நான் எண்ணிப் பார்க்க முடியாத காலத்துக்கு முன்னால், இதைப் பிடித்து எதையோ தேய்த்திருக்கிறது. அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. பேராசிரியர் அதைக் கவனித்துவிட்டார். அவருக்குக் கவனிக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

"ஏம்மா, இந்த லேப்லயே எவ்ளோ நாள் இருக்கப் போற? அடுத்த சீசனுக்கு எங்ககூடத் தீவுக்கு வா. நுண்ணோக்கி தெரிஞ்ச ஆள் வேணும். ஒரு இடம் இருக்கு. இந்தத் தோல் சோதனை நல்லபடியா முடியட்டும், அந்த இடம் உனக்குத்தான்."

அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். நான் ஆந்திர எல்லையைத் தாண்டியது இரண்டு முறை, இரண்டும் கல்யாணத்துக்கு. கடலைப் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில். மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வீட்டுக்கு வந்த போலீஸ்காரர், எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். "கல் பார்க்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அம்மாதான் விடவில்லை.

"தீவுக்குப் போய் இன்னாடி பண்ணுவ?"

"கல்லு பொறுக்குவேன்."

"அதைப் பாலாத்துலயே பொறுக்கலாமே. டவுன் பஸ்ஸுல போனா போதும்."

சொன்னாளே தவிர, மறுநாள் கம்பெனி பஸ் முழுக்க அவளே சொல்லி வைத்துவிட்டாள். என் மகள் தீவுக்குப் போகிறாள் என்று. எந்தத் தீவு என்று யாரும் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை, ஏனென்றால் தெரியாது.

சோதனைக்குத் தோல் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஆதிமனிதன் கிட்ட கெமிக்கல் கிடையாதும்மா. ஒரு கெமிக்கலும் படாத தோலா இருக்கணும். தண்ணியில ஊறப் போடக்கூட வேணாம். ஆட்டுல இருந்து உரிச்ச மாதிரியே வேணும்." நான் பட்டியல் போட்டேன். தோலில் பட்டிருக்கக் கூடாதவை: சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு, நொதிகள், சோப்புக் கரைசல், அமிலங்கள், குரோமியம், கடுக்காய், வேலம்பட்டை, எண்ணெய், சாயம், பூஞ்சை மருந்து. எழுதி, அச்சடித்து, கிடங்குச் சுவரில் ஒட்டினேன். கிடங்கிலிருந்து ஆட்டுத்தோல்களை எடுத்து, உப்பை உதறச் சொல்லி, மேசையில் விரித்தேன்.

உப்பு பட்டியலில் இல்லை. இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். ஆடு அறுத்த ஒரு மணி நேரத்துக்குள் கசாப்புக் கடையிலேயே தோலுக்கு உப்பு போட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் அழுகிவிடும். எங்கள் கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தோலும் உப்போடுதான் வருகிறது. உப்பில்லாத தோலை நான் என் வேலையில் ஒருநாள்கூடத் தொட்டதில்லை. எங்கள் ஊரில் ஆடு உப்போடுதான் பிறக்கிறது என்று சொன்னாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். மீன் குழம்பில் போடுவதைப் போய்க் கெமிக்கல் என்று யார் எழுதுவார்கள்? நான்கு வருடம் படித்தவள் நான். எழுதவில்லை.

பேராசிரியருக்கும் கண் இருந்தது. தோலின் மடிப்பைத் தொட்டு, "இந்த வெள்ளை?" என்றார்.

"உப்பு சார்."

"ஓ, இயற்கையானதுதான்" என்று தலையாட்டினார். இந்தத் தலையாட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் அதை மறந்துவிட்டார்.

சுரண்டும் வேலைக்கு எங்களிடம் தோலை ஊறவைக்கும் பகுதியின் மேஸ்திரியைப் போட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அவர் பாய். தோலின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சதையை எடுக்கும் மெஷினுக்கு அவர்தான் பொறுப்பு. மெஷினில் ஒரு தோலுக்குச் சில விநாடிகள் போதும். கல்லால் சுரண்டி ஒரு தோல் பாதி முடிவதற்குள் இரண்டு முறை டீ வந்துவிட்டது.

"இப்டி வேலை பாத்தா கப்பல் கெளம்பிடும் சார்" என்றார் பாய்.

பேராசிரியர் கேமராவோடு நின்றிருந்தார். அவருக்குப் படம் வேண்டும். மெஷின், மின்விளக்கு, சுவரில் இருந்த பாதுகாப்புப் பலகை எதுவும் தெரியாத மூலையாகத் தேடி, பாயை அங்கே குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். பிறகு, "அந்த பனியனைக் கொஞ்சம் கழட்டிடுங்களேன்" என்றார்.

"ஏன் சார், ஆதிமனுசன் பனியன் போட மாட்டானா?"

"இல்ல, கொஞ்சம் இயற்கையா இருக்கட்டும். அந்த ரப்பர் பூட்ஸும்..."

"பூட்ஸு கழட்ட மாட்டேன். சுண்ணாம்புத் தரை இது. கால் வெந்து போய்டும். அப்புறம் ஆதிமனுசனுக்கு யார் சார் வைத்தியம் பாப்பாங்க? நீங்க வேணா உங்க புது பூட்ஸைக் கழட்டிட்டு வந்து உக்காருங்க, நான் போட்டோ எடுக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொப்பிக்காரி சிரிப்பை அடக்கக் குனிந்து குறிப்பேட்டில் எதையோ எழுதினாள். பேராசிரியர் சிரிக்கவில்லை. பனியனோடேயே, முழங்காலுக்கு மேல் மட்டும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டார். எங்கள் தொன்மையைப் பற்றி அவர் பேசியதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. அந்தத் தீவில் செத்துப்போனவர்களுக்குப் பதிலாக உயிரோடு கிடைத்த சாம்பிள் நாங்கள்.

மூன்றாவது வாரம் முடிவுகள் வந்தன. மூங்கில் சீவிய சில்லில் பளபளப்பு உண்டு, கீறல் இல்லை. மரத்தில் வேறு மாதிரி. ஆட்டுத்தோல் சுரண்டிய பன்னிரண்டு சில்லுகளிலும் மழுங்கல், மினுமினுப்பு, குறுக்குக் கீறல் எல்லாம் இருந்தன. தீவுக் கல்லின் படத்தைப் பக்கத்தில் வைத்தால், இரட்டைப் பிள்ளைகளைப் போல இருந்தன. மாணவி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பேராசிரியர் அங்கிருந்தே யாருக்கோ போன் போட்டு, "கிடைச்சிடுச்சு" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று மாலை தீவுக்கு எடுத்துப் போக வேண்டியவற்றின் பட்டியல் போட்டேன். கொசுவலை முதலில் இருந்தது.

வேலை முடிந்து கற்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது பாய் வந்து ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"செம தேஞ்சிருக்கேம்மா."

"தோல் தேய்க்கும் பாய்."

"தோலா தேச்சது? நல்லா உதறாத தோல் நாலு உள்ள போனா என் மெஷின் பிளேடே போய்டும். உப்போட வர்ற அழுக்கு அப்டி. இரும்பே நிக்கல, உங்க கல்லு எங்க நிக்கும்?" சொல்லிவிட்டு டீக்குப் போய்விட்டார். பெரிதாக எதையும் சொல்லிவிட்டதாக அவர் நினைக்கவில்லை. மெஷினைப் பற்றிய வழக்கமான புலம்பல்தான் அது.

குழாயை மூட எனக்குச் சற்று நேரம் ஆனது. உப்பு இந்தக் கல்லைக் கீறாது. உப்பைவிடக் கல் எவ்வளவோ கடினம், அது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் பாய் உப்பு என்று சொல்லவில்லை. உப்போடு வரும் அழுக்கு என்றார்.

உதறிய உப்பு கிடங்கின் மூலையில் குவிந்திருந்தது. நாங்கள் அதைக் கூட்டி அள்ளி வைப்போம், வாங்கிப் போக ஆள் உண்டு, அது மறுபடி ஏதோ ஒரு தோலின் மேல் வந்து சேரும். ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு பிடி போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கினேன். உப்பு கரைந்தது. கரையாதது அடியில் உட்கார்ந்தது. வடிகட்டி, உலர்த்தி, நுண்ணோக்கியில் வைத்தேன். மணல். உப்பளத்து மணல், லாரி மணல், எங்கள் தரை மணல். கண்ணாடித் துண்டுகள்போல ஓரம் கூர்மையாக, இந்தக் கல்லையும் கீறக்கூடிய மணல்.

நாங்கள் மூன்று வாரம் தோலைச் சுரண்டவில்லை. உப்புத்தாளைத் தேய்த்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு கறிக்கடைக்குப் போய், உப்பு போடும் முன்பே ஓர் ஆட்டுத்தோலை வாங்கி வாளியில் வைத்து டேனரிக்குக் கொண்டுவந்தேன். இன்னும் சூடாக இருந்தது. சூடான தோலைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மீதமிருந்த மூன்று சில்லுகளால் நானே சுரண்டினேன். ஓரம் மழுங்கியது. லேசான மினுமினுப்பு வந்தது. கீறல், தேடித் தேடிப் பார்த்தும், இல்லை.

ஆக, தீவுக் கல்லின் கீறல் மணலால் வந்தது. அந்தக் குகை கடற்கரையில் இருக்கிறது. கற்கள் மணலில்தான் புதைந்து கிடந்தன. இதற்குத் தோலும் வேண்டாம், தொழிலாளியும் வேண்டாம். மினுமினுப்பு மட்டும் மிச்சம். அது மூங்கிலாலும் வரும்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் வடிகட்டிய காகிதத்தோடு போனேன். தவறு என்னுடையது என்று முதலிலேயே சொன்னேன். பட்டியலில் உப்பை எழுதாதது நான். அவர் மணலை விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். மலர்ந்தது.

"உப்பு! ஏம்மா, தீவைச் சுத்தி இன்னா இருக்கு? கடல்! அவங்களும் தோலுக்கு உப்பு போட்டிருக்காங்க. அதனாலதான் நம்ம தடமும் அவங்க தடமும் ஒண்ணா இருக்கு. இது இன்னும் பெரிய விஷயம்ல?"

அதுவரை 'என்ன' என்று பேசியவர், எங்களைப் போல 'இன்னா' போட்டுப் பேச ஆரம்பித்தது அந்த வாரம்தான். மக்களோடு கலந்துவிட்டதாக நினைத்திருப்பார்.

"சார், உப்பு கீறலை. மணல்தான் கீறுச்சு. மணல் அங்க தரையிலயே கெடக்குது. அப்புறம் அங்க கெடைச்சது வௌவால், எலி, உடும்பு. வௌவால் தோலுக்கா உப்பு போட்டாங்க?"

"பெரிய மிருகம் எலும்பு இனிமே கிடைக்கும்."

"நாள் முழுக்க மழை பெய்யற ஊர்ல உப்பு எப்படி சார் காயும்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். மாணவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி. அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"இதப் பாரும்மா" என்று நிதானமாகச் சொன்னார். "இந்த வடிகட்டின விஷயத்தை இப்ப எழுத வேணாம். அடுத்த வருஷம் தனிக் கட்டுரையாப் போடலாம். உன் பேரு முதல்ல வரும். இப்ப இந்தப் படிவத்துல மட்டும் கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை நான் தீவுல வேலை செய்யற அனுமதிக்கு அனுப்பணும். கூட வர்றவங்க பேரும் அதுலதான் போகுது."

படிவத்தில் ஒரு வரி இருந்தது. சோதனையில் பயன்படுத்தியது எதுவும் சேர்க்காத புதுத்தோல் என்று, சோதனை செய்தவர் உறுதி கூற வேண்டும். கீழே என் பெயருக்கு ஒரு கோடு. அடுத்த பக்கத்தில் தீவுக்குப் போகிறவர்களின் பெயர்கள். நான்காவதாக நான். அச்சில் என் பெயரை அவ்வளவு அழகாக அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீங்களே அன்னிக்குக் கேட்டீங்க சார், இந்த வெள்ளை என்னன்னு. உப்புன்னு சொன்னேன்."

"அப்படியா? ஞாபகம் இல்லையே."

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நான்கு நாள் இருந்தது. கையெழுத்துப் போடலாம் என்பதற்கான காரணங்களை எழுதினேன், ஏழு வந்தன. கூடாது என்பதற்கு ஒன்றுதான் வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போய்ட்டு வாடி. கல்லு வந்து சாட்சி சொல்லப் போவுதா?"

"நாளைக்கு இன்னொருத்தர் இதே சோதனையைச் செஞ்சா தெரிஞ்சிடும்மா."

"செய்யும்போது பாத்துக்கலாம். பஸ்ஸுல எல்லாருக்கும் சொல்லிட்டேனே, இப்ப இன்னா சொல்றது?"

"நான் சொன்னேனா சொல்லச் சொல்லி?"

"தீவுக்குப் போறவளை வெச்சிக்கினு சும்மா இருக்க முடியுமா?"

அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்டது நான் என்னிடமே கேட்டதுதான். வெள்ளிக்கிழமை வரை கேட்டுக்கொண்டிருந்தேன். என் வைராக்கியத்தைப் பற்றி யாரும் உயர்வாக நினைக்க வேண்டாம். வியாழக்கிழமை பேனாவை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தும் பார்த்தேன்.

என்னைத் தடுத்தது அறம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது எரிச்சல். அந்த நெல்லிக்காய் மினுமினுப்பு யாரோ ஒருவர் உண்மையாகவே உழைத்த தடம். அவர் மூங்கில் சீவினாரோ, பிரம்பு பிளந்தாரோ, கூடை முடைந்தாரோ. அவருக்கு உடை உடுத்தி, உப்பு கொடுத்து, எங்கள் பாயின் பனியனைக் கழற்றச் சொல்லி, முன்பே எழுதிய ஒரு வாக்கியத்துக்குள் இந்த மனிதர் அவரைத் திணிக்கிறார். கல்லைப் பஞ்சில் சுற்றத் தெரிந்தவருக்கு, கல்லைப் பிடித்திருந்தவரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தீவுக்குப் போனால் அந்தக் குகை வாசலில் இவர் பக்கத்தில் நின்று நான் தலையாட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை அந்த வரியை அடித்துவிட்டு, மேலே என் கையால் எழுதினேன்: "உப்பிட்ட தோல். உப்பில் மணல் இருந்தது. உப்பிடாத தோலில் கீறல் வரவில்லை." அதன் கீழ் கையெழுத்துப் போட்டேன். மணலைச் சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படிவத்தோடு பின் அடித்தேன். பேராசிரியர் வாங்கிப் படித்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். எங்கள் இடம் மறுபடி நாற ஆரம்பித்துவிட்டது போலும்.

"உனக்குப் பெரிய எதிர்காலம் இருந்துச்சும்மா" என்றார். இறந்தகாலத்தில்.

கார் கிளம்பும் முன் மாணவி தனியாக வந்தாள். தொப்பி கையில் இருந்தது. இதை வைத்துத்தான் என் ஆய்வேடு, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. மூன்று வாரம் ஜன்னலைப் பார்த்தவள். ஆனாலும் கேள்வி என்று வந்தால் பட்டியல் போடாமல் என்னால் இருக்க முடியாது. ஒரு தாளில் நான்கு எழுதிக் கொடுத்தேன். நான்காவது: புதிதாக உடைத்த, எதற்கும் பயன்படுத்தாத சில்லுகளைக் குகைத் தரை மணலில் போட்டு, வேலை செய்பவர்கள் போகவர ஒரு வாரம் மிதிக்கட்டும், பிறகு ஓரத்தைப் பாருங்கள்.

அவர்கள் தீவுக்குப் போனார்கள். நான்காவது இடத்தில் வேறொருவர் போனார். பாயின் படம், முழங்காலுக்கு மேல், ஏதோ ஒரு பத்திரிகையில் வந்தது. பழங்கால முறை இன்றும் வாழ்கிறது என்று கீழே போட்டிருந்தார்கள். பாய் அதைப் பார்த்துவிட்டு, "பனியனோட போட்டிருக்கான், பரவால்ல" என்றார். மெஷின் நிற்கிறது என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். என் பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது. இதுவரை அது பார்த்த ஒரே எல்லை, முகவரி மாற்றத்துக்காகப் போன கேஸ் ஏஜென்சியின் கவுண்டர்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் மாணவியிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. முதலாவதில், நுண்ணோக்கியின் கீழ் ஒரு கல்லின் ஓரம். குறுக்குக் குறுக்காகக் கீறல்கள், தெளிவாக. கீழே எழுதியிருந்தாள்: "இது நான் போன வாரம் உடைச்ச கல்லு. யாரும் எதுக்கும் பயன்படுத்தல. வாசல்ல போட்டு மிதிச்சதுதான். சார்கிட்டயும் காட்டிட்டேன். ஆய்வேட்டுல இதைத்தான் எழுதப் போறேன்."

இரண்டாவது படத்தில் அந்தக் கல் கிடந்த இடம். வெள்ளை மணல், மூலையில் ஒரு துண்டு நீலக் கடல். மணலில் கல்லின் மேல் ஏறி நின்ற ஒரு காலடித் தடம், அடிப்பாகத்தின் கட்டங்களும் கோடுகளும் அச்சாகப் பதிந்து.

வேலை முடிந்து வந்த அம்மாவிடம் காட்டினேன். கல்லைக் காட்டினேன், கடலைக் காட்டினேன். அவள் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். கல்லையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை.

"இது எங்க பூட்ஸோட அடிப்பாகம்டி! அந்தக் கோணல் தையல் வந்த மாடல்" என்றாள். மறுநாள் பஸ்ஸில் சொல்ல அவளுக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

பேராசிரியர் சொன்னதில் ஒன்று மட்டும் நிரூபணமாகிவிட்டது. அந்தக் குகையில் கல்லைக் கீறியதற்கும் தோல் தொழிலுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறது. ஆம்பூர்த் தோல் அந்தத் தீவு வரை போய்ச் சேர்ந்தது, கழிவில் வாங்கிய ஜோடியாக, அவர் காலில். நான் படத்தைச் சேமித்துவிட்டு, மறுநாள் மடக்கிப் பார்க்க வேண்டிய தோல் துண்டுகளுக்கு எண் போட உட்கார்ந்தேன்.